சிறைவாசலில் கைகொடுப்போர் யார்?



 

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு. இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டுக் கொண்டிருந்தன. ஹவ்ழின் ஓரத்தில் முதியவர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். மஹல்லாவில் அனைவரும் மதிக்கும் மனிதர். அன்றோ, யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று தூணின் நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஹஸ்ரத், மவன் வார வெள்ளிக்கெழம வெளிய வாறான். வூட்டுக்கு எடுக்கவா, வேணாமா?" என்று கேட்டார். மகன் ஹெரோயின் வைத்திருந்த குற்றத்திற்காகச் சிறையில் இருந்தவன். "உம்மா எடுக்கச் சொல்றா. குமருப் புள்ள ரெண்டு ஈக்கி. மச்சான்மாரு வேணாங்கிறாங்க" என்றார்.

நான் தயங்காமல் பதில் சொன்னேன். "எடுங்க வாப்பா. சுபஹுக்குக் கூட்டி வாங்க. நல்ல இடமொன்று பார்த்து முடித்து வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அவர் நிம்மதியோடு சென்றார். கடமையைச் செய்துவிட்டதாக நானும் எண்ணிக்கொண்டேன்.

அவ்விளைஞன் வெள்ளியன்று ஜும்ஆவுக்கு வந்தான். கடைசி வரிசையில் அமர்ந்தான். தொழுகை முடிந்ததும் அவனுக்கு இருபுறமும் இருந்தவர்கள் எழுந்து சென்றுவிட்டனர். ஸலாம் சொல்லிக் கைகொடுத்தவர் எவருமில்லை. நிகாஹ் மஜ்லிஸ் ஒன்றுக்கு நேரமாகிவிட்டதால் நானும் அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு விரைந்தேன். ஒன்பதாம் நாள் அவனது ஜனாஸாவை நானே தொழுவித்தேன். சிறைக்குச் செல்லுமுன் எடுத்த அதே அளவைத் திரும்பவும் எடுத்திருக்கிறான். உடல் அதைத் தாங்கவில்லை என்று வைத்தியர் சொன்னார்.

அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு நான் அளித்த பதில் பிழையானதன்று. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியை நான் பின்னரே கற்றுக்கொண்டேன். அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

மியாமி நகரில் பிறந்த நீதிமன்றம்

போதைக்கு அடிமையான ஒருவரைச் சிறையில் அடைப்பதா, மன்னித்து அனுப்புவதா என்னும் வினாவுக்கு மூன்றாவதொரு விடையைத் தேடிய நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா முக்கியமானது. கடும் தண்டனைகளுக்குப் பேர்போன அந்நாட்டிலேயே இத்தேடல் தொடங்கியது என்பது வியப்புக்குரியது.

1980களில் புளோரிடா மாநிலத்தின் மியாமி நகரம் தென்னமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட கொக்கேயினின் நுழைவாயிலாக விளங்கியது. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் 'கிராக்' எனப்படும் மலிவான வடிவம் ஏழைகளின் தெருக்களுக்குள் புகுந்தது. கைதுகள் பெருகின, சிறைகள் நிரம்பி வழிந்தன. பிடிபட்டவர் சிறை செல்வார், விடுதலையாவார், சில வாரங்களில் அதே குற்றத்திற்காக அதே நீதிபதியின் முன் நிற்பார். செக்கைச் சுற்றும் மாடு போல ஆயிரக்கணக்கானோர் அதே வட்டத்தில் சுற்றி வந்தனர்.

இந்நிலையில் 1989ஆம் ஆண்டு அந்நகரின் நீதித்துறையினர் புதியதொரு வழியை வகுத்தனர். பிரதம நீதிபதியாக இருந்த ஜெரால்ட் வெதரிங்டன், இப்பிரச்சினையை ஆராய்ந்த நீதிபதி ஹேர்பர்ட் க்ளைன், அரச வழக்குத்தொடுநர் ஜெனட் ரெனோ, எதிரிகளுக்காக வாதாடும் அரச சட்டத்தரணி பெனட் ப்ரம்மர் ஆகியோர் இதற்கு வித்திட்டனர். வழமையாக எதிரெதிரே நின்று வாதிடும் தரப்புகள் இதிலே ஒருமித்தன. போதைப்பொருள் நீதிமன்றம் என்று அது அழைக்கப்பட்டது. ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் அதன் முதல் நீதிபதி. ஜெனட் ரெனோ பின்னர் 1993இல் அந்நாட்டின் முதற் பெண் சட்டமா அதிபரானார்.

1994இல் இத்தகைய நீதிமன்றங்களுக்கான தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. இன்று அந்நாட்டில் சிகிச்சையோடு இணைந்து செயற்படும் நீதிமன்றங்கள், மனநோயாளருக்கானவையும் முன்னாள் படைவீரருக்கானவையும் உட்பட, 4,000ஐத் தாண்டியுள்ளன. அவுஸ்திரேலியாவின் சிட்னி மாநகரிலும் 1999இல் இவ்வகை நீதிமன்றமொன்று ஆரம்பமாயிற்று.

தீர்ப்போடு முடியாத வழக்கு

சாதாரண நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் வழக்குக் கோவை மூடப்படும். போதைப்பொருள் நீதிமன்றத்திலோ நீதிபதியின் பணி அங்கேதான் தொடங்குகிறது.

போதைப் பழக்கத்தின் காரணமாகக் குற்றமிழைத்தவருக்கு, அவர் விரும்பினால், ஓர் உடன்பாடு முன்வைக்கப்படும். ஏறத்தாழ ஓராண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை அவர் சிகிச்சை பெற வேண்டும். முன்னறிவித்தலின்றி அழைக்கப்படும்போதெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். குறித்த நாளில் நீதிபதியின் முன் தோன்ற வேண்டும். அனைத்தையும் நிறைவேற்றினால் வழக்கு கைவிடப்படும், அல்லது தண்டனை குறைக்கப்படும். நிறைவேற்றத் தவறி விலக்கப்பட்டால் வழமையான தண்டனை காத்திருக்கும். பெருந்தொகையாகக் கடத்துவோருக்கும் வன்முறையில் ஈடுபட்டோருக்கும் இக்கதவு பொதுவாகத் திறக்கப்படுவதில்லை.

வழக்கு அழைக்கப்படுவதற்கு முன்பே நீதிபதி, வழக்குத்தொடுநர், எதிரியின் சட்டத்தரணி, சிகிச்சை ஆலோசகர், நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் கலந்தாலோசிப்பர். இவர் சிகிச்சைக்குச் சென்றாரா? தங்குவதற்கு இடம் இருக்கிறதா? வேலை கிடைத்ததா? தாயாரின் நோய் எப்படி? இவையெல்லாம் அங்கே பேசப்படும்.

ஆரம்பக் கட்டத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையேனும் அவர் நீதிபதியின் முன் வரவேண்டும். ஒவ்வொருவரோடும் நீதிபதி குறைந்தது மூன்று நிமிடங்களாவது நேரடியாக உரையாட வேண்டும் என்று இந்நீதிமன்றங்களுக்கான நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. மூன்று நிமிடம் என்பது மிகச் சிறிய பொழுது. ஒரு பிஞ்சான் தேநீரும் குடித்து முடியாது. ஆனால் கறுப்பு அங்கி அணிந்த ஒரு நீதிபதி, தெருவோரத்தில் கிடந்த ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, "சென்ற முறை நேர்முகப் பரீட்சைக்குப் போவதாகச் சொன்னீரே, என்னவாயிற்று?" என்று கேட்பதன் கனத்தை எண்ணிப் பாருங்கள். தன்னை ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்ற உணர்வை அவர் எத்தனை ஆண்டுகளாக இழந்திருப்பார்!

சிறிய தண்டனை, உறுதியான தண்டனை

பெற்றோர்களே, இப்பகுதியை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகன் போதைக்கு அடிமையாகிவிட்டான் என்று தெரிந்தும் ஆறு மாதங்கள் மூடி மறைக்கின்றோம். உம்மா வாப்பாவுக்குத் தெரியாமல் காசு கொடுக்கின்றார். பிறகு ஒரு நாள் வாப்பாவின் பொறுமை எல்லை மீறுகின்றது. அடித்து உதைத்து வீட்டைவிட்டுத் துரத்துகின்றார். மூன்று நாள் கழித்து உம்மாவின் கண்ணீருக்காகத் திரும்பவும் சேர்த்துக்கொள்கின்றார். இதிலே மகன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: தண்டனை எப்போது வரும் என்பது என் செயலைப் பொறுத்ததன்று, வாப்பாவின் கோபத்தைப் பொறுத்தது.

போதைப்பொருள் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாக நடக்கின்றது. தவறுக்கான விளைவு முன்கூட்டியே அறிவிக்கப்படும், தவறு நேர்ந்தவுடன் வரும், சிறியதாக இருக்கும், ஆனால் தப்பாது வரும். சிகிச்சை வகுப்புக்கு வராதவர் ஒரு நாள் முழுவதும் நீதிமன்றத்தில் அமர்ந்து ஏனையோரின் வழக்குகளைக் கேட்க வேண்டியிருக்கும். சிலர் தம் தவறு பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். சிலருக்குப் பொதுப்பணி. மீண்டும் மீண்டும் தவறினால் ஓரிரு நாள் சிறை. அதேபோன்று நன்மையும் உடனே பாராட்டப்படும். ஒரு கட்டத்தை முடித்தவருக்கு நீதிமன்றம் முழுவதும் கைதட்டும். நீதிபதி சான்றிதழ் வழங்கிக் கைகுலுக்குவார். இறுதி நாளில் நடைபெறும் பட்டமளிப்பு வைபவத்திற்குப் பெற்றோரும் பிள்ளைகளும் வருவர்.

இதிலே மற்றொரு நுட்பமும் உண்டு. நீண்டகாலம் அடிமைப்பட்டவர் முதல் மாதத்திலேயே முற்றாக விட்டுவிடுவார் என்று இந்நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. அது தொலைவிலுள்ள இலக்கு. ஆனால் குறித்த நேரத்திற்கு வருவதும் உண்மை பேசுவதும் முதல் நாளிலிருந்தே அவரால் இயலும். ஆகவே ஆரம்பத்தில் ஒருவர் சறுக்கி, அதைத் தாமே ஒப்புக்கொண்டால், தண்டனையைவிடச் சிகிச்சையைக் கூட்டுவதையே நெறிமுறைகள் பரிந்துரைக்கின்றன. பொய் சொன்னாலோ, வராமல் ஒளிந்தாலோ விளைவு கடுமையாகும்.

"வாப்பா, இன்று தவறிவிட்டேன்" என்று மகன் வாய் திறந்து சொல்லும் நாளில் நாம் அவனை அடித்தால், அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். உண்மைக்கு அடியும் பொய்க்கு அமைதியும் கிடைக்கும் வீட்டில் பொய்தான் வளரும்.

நம் மார்க்க வரலாறு அறியாத வழியா இது? மது அருந்திய குற்றத்திற்காகப் பலமுறை நபி (ஸல்) அவர்களின் முன் கொண்டுவரப்பட்ட ஒரு ஸஹாபியின் சம்பவத்தை ஸஹீஹுல் புகாரியில் காண்கின்றோம். ஒவ்வொரு முறையும் அவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆயின் கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது அண்ணலார் அதனைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சியமும் கூறினார்கள். இத்தகைய மற்றொரு சந்தர்ப்பத்தில், சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்துவிடாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். தண்டனை தவிர்க்கப்படவில்லை, அவர் ஜமாஅத்திலிருந்து தள்ளப்படவும் இல்லை. நம்மில் பலர் இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே பற்றிக்கொள்கின்றோம்.

பயன் உண்டா?

நல்லெண்ணம் மட்டும் போதாது. பயன் உண்டா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 23 போதைப்பொருள் நீதிமன்றங்களை ஏனைய வழமையான முறைகளோடு ஒப்பிட்ட பெரும் ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. அதன்படி, முந்திய ஓராண்டில் போதைப்பொருள் பாவித்ததாகக் கூறியோர் இந்நீதிமன்றங்களில் சேர்ந்தவர்களிடையே 56 வீதம். சேராதவர்களிடையே 76 வீதம். குற்றச்செயலில் ஈடுபட்டதாகக் கூறியோர் முறையே 40 வீதமும் 53 வீதமும் ஆவர். மாற்றத்திற்குப் பெரிதும் காரணமாக இருந்தது எதுவென்று ஆராய்ந்தபோது, நீதிபதி தம்மை நியாயமாகவும் மரியாதையாகவும் நடத்தினார் என்ற எண்ணமே முன்னின்றது.

பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பரிசீலித்து 2012இல் வெளியான மற்றொரு ஆய்வு, மீண்டும் குற்றமிழைப்போர் நூற்றுக்கு 50 பேராக இருக்கும் இடத்தில், இந்நீதிமன்றங்களின் மூலம் அது 38 ஆகக் குறைகின்றது என்று மதிப்பிட்டது.

இவ்விலக்கங்களை நேர்மையோடு வாசிப்போம். இந்நீதிமன்றங்களில் சேர்ந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு தடவையேனும் திரும்பப் பாவித்திருக்கின்றனர். எனவே இது மந்திரக்கோல் அன்று. குறைகளும் உண்டு. சில நீதிமன்றங்கள் அடிமைப்படாத, சிறு குற்றம் செய்த இளைஞர்களையும் கடுமையான இத்திட்டத்தினுள் இழுத்து, தேறியிருக்கக்கூடியவர்களையே கெடுத்துவிட்டன. கறுப்பின மக்கள் இவ்வாய்ப்பைப் பெறுவதிலும் முடிப்பதிலும் பின்தங்கியிருந்தனர். ஹெரோயின் அடிமைகளுக்கு வைத்தியர்கள் வழங்கும் மெதடோன், ப்யூப்ரனோர்ஃபின் ஆகிய மருந்துகளைச் சில நீதிபதிகள் தடைசெய்தனர். அது தவறு என்பதை இன்றைய நெறிமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன. இடையில் தோற்று விலக்கப்பட்டவர் சிலர், ஆரம்பத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட நீண்ட தண்டனையையும் அனுபவித்தனர்.

ஆயினும் நூறு பேரில் பன்னிருவர் மீண்டும் குற்றத்திற்குத் திரும்பாதிருத்தல் சிறிய காரியமன்று. அது பன்னிரண்டு தாய்மாரின் கண்ணீர்.

முதல் இரண்டு வாரங்கள்

இனி, அந்தத் தந்தைக்கு நான் சொல்லத் தவறிய செய்திக்கு வருகின்றேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் அம்மாநிலத்தின் ஏனைய மக்களைவிட 12 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அளவுக்கு மிஞ்சிய போதைப்பொருளால் இறக்கும் அபாயமோ ஏறத்தாழ 129 மடங்காக இருந்தது!

காரணம் என்ன? ஹெரோயினைத் தொடர்ந்து எடுப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. அதே மயக்கத்தைப் பெற மேலும் மேலும் கூடுதலான அளவு தேவைப்படுகிறது. சிறையில் சில மாதங்கள் விலகியிருந்தால் உடல் அப்பழக்கத்தை இழந்துவிடும். ஆனால் மூளை பழைய ஆசையை மறப்பதில்லை; கை பழைய அளவையும் மறப்பதில்லை. வெளியே வந்து அதே தெருவில் அதே கூட்டாளியைக் கண்டு அதே அளவை எடுக்கும்போது மூச்சு அடங்கிவிடுகிறது. "சிறையிலிருந்து திருந்தி வந்துவிட்டான், உடம்பும் தேறிவிட்டது" என்று நாம் மகிழும் அந்த நாட்களே அவன் மௌத்துக்கு மிக அண்மையில் நிற்கும் நாட்கள். அமெரிக்காவின் பல இடங்களில் விடுதலையாகிச் செல்வோருக்கு நலொக்சோன் என்னும் மாற்றுமருந்தைக் கையில் கொடுத்தனுப்புவதும் இதனாலேயே.

அபாயம் உயிருக்கு மட்டுமன்று. 15 மாநிலங்களில் 1994ஆம் ஆண்டு விடுதலையானோரைப் பின்தொடர்ந்த அரச ஆய்வொன்று, மூன்று ஆண்டுகளுக்குள் மூவரில் இருவர் மீண்டும் கைதாயினர் என்று 2002இல் அறிவித்தது. சிறைவாசலுக்கு உள்ளே அத்தனை காவலர். வெளியே ஒருவருமில்லை என்ற நிலையின் விளைவு இது.

இதனை உணர்ந்தே மீளிணைப்பு நீதிமன்றங்கள் உருவாயின. நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் 2001இல் அத்தகையதொன்று தொடங்கியது. சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளிவருபவர் குறித்த நாளில் நீதிபதியின் முன் வருவார். தங்குமிடம், அடையாள ஆவணங்கள், வேலை, சிகிச்சை, குடும்ப உறவு ஆகியன ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்படும். 2008இல் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 'இரண்டாம் வாய்ப்புச் சட்டம்' என்ற பெயரில் ஒரு சட்டத்திற்குக் கையொப்பமிட்டார். விடுதலையாவோரை மீண்டும் சமூகத்தோடு இணைக்கும் பணிகளுக்கு அரச நிதி வழங்க அது வழிவகுத்தது.

நமது நாட்டின் நிலை

நமது நாட்டின் சட்டமும் இத்திசையை அறியாததன்று. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமானது. அதன்கீழ் ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெறலாம்; வைத்திய அறிக்கையைப் பரிசீலித்து நீதவான் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பவும் இடமுண்டு. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை பிறப்பிக்கப்படலாம். உத்தியோகத்தர் ஒருவரின் மேற்பார்வையில் பொதுப்பணி செய்து, ஆலோசனை பெற்று அவர் வீட்டிலேயே வாழலாம். 1984இல் உருவாக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927 என்ற தொலைபேசி இலக்கத்தின் ஊடாக ஆலோசனை வழங்குகின்றது. மகன் பொலிஸில் பிடிபடும் வரை காத்திராமல் இக்கதவுகளைத் தட்டுங்கள். பிடிபட்டுவிட்டால், பிணை ஒன்றை மட்டும் தேடி ஓடாமல், சிகிச்சைக்கு வழியுண்டா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். இவ்விரக்கத்தின் கதவு பாவிப்பவருக்கே திறந்திருக்கிறது, சுமப்பவருக்கன்று. 2 கிராம் ஹெரோயின் வைத்திருப்பதற்கு 1984 முதலும், 5 கிராம் ஐஸ் வைத்திருப்பதற்கு 2022 முதலும் நமது சட்டம் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறையை விதித்துள்ளது. "இந்தப் பார்சலைக் கொடுத்துவிட்டு வா மச்சான்" என்று நண்பன் சொல்லும் அந்தப் பொட்டலத்தின் எடை ஒரு தேக்கரண்டிச் சீனியளவுதான் இருக்கும். உங்கள் வாழ்நாள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

மஹல்லாவின் கடமை

சட்டத்தை இயற்றுவதும் நீதிமன்றத்தை அமைப்பதும் நம் கையில் இல்லை. ஆனால் அந்த நீதிபதியின் மூன்று நிமிடங்கள் நம் எல்லோரிடமும் உள்ளன.

ஒவ்வொரு பள்ளிவாசல் நிருவாகமும் மூவரைத் தெரிவு செய்யட்டும்: ஒரு மௌலவி, ஒரு பெரியவர், இளைஞர்களோடு பழகும் ஒருவர். நாவடக்கம் உள்ளவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். கேட்டதைக் கடைத்தெருவில் பேசுபவர் இப்பணிக்குத் தகுதியற்றவர். விடுதலைத் திகதிக்கு முன்பே அவர்கள் குடும்பத்தைச் சந்திக்க வேண்டும். எங்கே தங்குவான்? வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருப்பதனால் தயக்கமானால், சாச்சா வீட்டில் ஓர் அறை கிடைக்குமா? தேசிய அடையாள அட்டை இருக்கிறதா? எந்தத் தொழிலில் சேர்ப்பது? சிகிச்சையைத் தொடர்வது எங்கே? இவை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

விடுதலையாகும் நாளில் ஒருவராவது சிறைவாசலில் நிற்க வேண்டும். நாம் நிற்காவிட்டால் பழைய கூட்டாளி நிற்பான். அவன் ஒருபோதும் பிந்துவதில்லை.

முதல் பதினான்கு நாட்கள் நாள் தவறாமல் அவனை ஒருவர் காண வேண்டும். பிறகு வாரந்தோறும் ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த நேரத்தில் அமர்ந்து பேச வேண்டும். உபதேசம் குறைவாகவும் விசாரிப்பு அதிகமாகவும் இருக்கட்டும். அவன் சொன்னதை நினைவில் வைத்து மறுவாரம் கேளுங்கள். தவறினால் என்ன செய்வதென்று அவனோடு சேர்ந்தே முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதிலிருந்து கோபத்தாலும் விலகாதீர்கள், கண்ணீராலும் விலகாதீர்கள்.

வீட்டாரும் அபாயத்தின் அடையாளங்களை அறிந்திருக்க வேண்டும். அவன் எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு மெதுவாகி, குறட்டை போன்ற ஒலி எழுந்தால் அது தூக்கமன்று. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மானம் போய்விடுமே என்று கதவைப் பூட்டாதீர்கள். மானம் திரும்பி வரும். மைய்யித் திரும்பி வராது.

திருமணம் முடித்து வைத்தால் திருந்துவான் என்று நான் அன்று சொன்னேனே, அதனை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன். சிகிச்சை பெற்று, ஓராண்டேனும் தெளிவோடு வாழ்ந்து, பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொன்ன பின்னரே அது பேசப்பட வேண்டியது. யாரோ பெற்ற பிள்ளை நம் மகனுக்கு மருந்தாக முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்பதும் அவ்வாறே.

ஆனால் சூழல் மாற்றத்தின் அவசியம் உண்மை. நூறு கொலைகள் செய்த ஒருவன் தவ்பாவுக்கு வழிதேடிச் சென்ற வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அறிஞர் அவனுக்குத் தவ்பாவின் வாசல் திறந்திருப்பதைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தீய ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குப் போகும்படியும் வழிகாட்டினார். இந்த வரலாற்றை நான் எத்தனையோ மிம்பர்களில் சொல்லியிருக்கின்றேன். அந்த நல்லோரின் ஊர் எங்கே இருக்கிறது என்று அன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இளைஞன் கேட்டிருந்தால், எந்த ஊரைக் காட்டியிருப்பேன்? நமது மஹல்லாவே அந்த ஊராக இருந்திருக்க வேண்டும்.

அந்த வாப்பா இன்றும் எங்கள் பள்ளிக்குத் தொழ வருகின்றார். என்னிடம் அவர் ஒரு நாளும் எதையும் குறைகூறியதில்லை. சென்ற ஆண்டு, மற்றொரு தந்தை அதே கேள்வியோடு என்னிடம் வந்தபோது நான் அவரிடம் சென்று ஆலோசனை கேட்டேன். சிறைவாசலில் நிற்பதற்கு யாரை அனுப்பலாம் என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "நான் போறன் ஹஸ்ரத்" என்றார்.

அவர் போனார். அந்த இளைஞன் இன்று தளபாடக் கடையொன்றில் வேலை செய்கின்றான். இடையில் ஒருமுறை சறுக்கினான். அதை அவனே வந்து சொன்னான். வியாழன்தோறும் அஸருக்குப் பின் அவ்விருவரும் பள்ளி வராந்தாவில் அமர்ந்து பேசுவதை நான் காண்கின்றேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ், திரும்பி வருவோருக்கு வழியையும், வரவேற்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.